மாரிக்கனி மடித்த பொட்டலம்

மாரிக்கனிக்குக் காகிதம் என்றால் அடுப்புப் பற்றவைக்கிற சாமான். எம்.ரெட்டியபட்டிக் காட்டில் பருத்தி எடுத்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. அவள் போய் அருப்புக்கோட்டை பஜாரில் சண்முகவேல் அண்ணாச்சியின் நாட்டுமருந்துக் கடையில் பொட்டலம் மடிக்க உட்கார்ந்தாள் என்றால் காரணம் இருக்கிறது. புருசன் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய்க் காலெல்லாம் வெடித்துப் புண்ணாகி, பாளையம்பட்டியில் அவள் அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்தான். மழை இரண்டு வருஷமாக ஏமாற்றிவிட்டது. காட்டில் வேலை இல்லை. இது அறுபத்தெட்டாம் வருஷத்துப் பேச்சு.

நான் அந்தக் கடையில் மருந்து இடிக்கிறவன். சுக்கு, நிலவேம்பு, எட்டிக்கொட்டை எல்லாம் என் உரலில் இடிபட்டு, துணியில் சலிபட்டு, அதற்கப்புறம்தான் பொட்டலத்துக்குப் போகும்.

மாரிக்கனி முதலில் வந்தது வேர் பொறுக்க. மூட்டையில் வருகிற சரக்கில் கல்லும் குச்சியும் கிடக்கும். அதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்த வேலை சரக்கு வருகிற மாசத்தில்தான் உண்டு. ஐப்பசியில் ஊரெல்லாம் காய்ச்சல் பிடித்துக்கொண்டு கடையில் கூட்டம் நெரிந்தது. பொட்டலம் மடிக்க ராஜகுரு ஒருத்தன்தான். அவன் கை ஓடவில்லை. அண்ணாச்சி மாரிக்கனியைக் கூப்பிட்டார்.

"மூக்குப் பொட்டலம் மடிக்கப் படிச்சிட்டா வருசம் பூரா வேல. படிக்க வரலேன்னா இந்த மாசத்தோட வேர் பொறுக்குறதும் முடியுது. பாத்துக்க."

மூக்குப் பொட்டலம் என்பது அந்த மடிப்புக்கு எங்கள் கடையில் வைத்த பேர். நூல் கிடையாது. பசை கிடையாது. பசை வைத்தால் கரப்பான் வரும், நூல் கட்டினால் மாவுபோல இருக்கிற மருந்து வாய் வழியாகக் கசியும். ஒரு சதுரக் காகிதம். அதை மூலை நம்மைப் பார்க்க வைத்து, நடுவில் மருந்தைப் போட்டு, கீழ் மூலையை மேலே ஏற்றி இறுக்க வேண்டும். இரண்டு பக்கத்து மூலையும் காதுகள். இடக்காதை முதலில் மடக்கி, வலக்காதை அதன்மேல் போட்டுச் செருக வேண்டும். கடைசியாக மிஞ்சுகிற மேல் மூலை கூம்பிக்கொண்டு நிற்கும். அதுதான் மூக்கு. அதைக் கீழே இறக்கி ஒரு பக்கமாகத் திருப்பிச் செருகிவிட்டால் தலைச்சுமையிலிருந்து விழுந்தாலும் பிரியாது. பிரிக்கிறவர் மூக்கைத் தூக்கி வலக்காதை இழுத்தால் பூப்போல விரியும். தெரியாமல் மறு காதை இழுத்தால் இன்னும் இறுகும்.

மூக்குத் திரும்புகிற பக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. சோற்றுக்கைப் பக்கம் மூக்கு இருந்தால் அது உள்ளுக்குத் தின்கிற மருந்து. மறுகைப் பக்கம் இருந்தால் வெளியே பூசுகிற மருந்து. கடைக்கு வருகிற சனத்துக்கு எழுத்துத் தெரியாது. பொட்டலத்தின்மேல் எழுதிக் கொடுத்து என்ன செய்ய? இருட்டில் தடவிப் பார்த்தால்கூட மூக்குத் தெரியும். திருச்சுழிப் பக்கமெல்லாம் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்பதால் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பது இல்லை. மாரிக்கனியின் ஊரார் வேறு வைத்தியரிடம் போகிறவர்கள். அவள் எங்கள் பொட்டலத்தைக் கண்டதே கடைக்கு வந்த பிறகுதான். அவளுக்கும் யாரும் சொல்லவில்லை.

ராஜகுருவுக்கு அவளுக்குச் சொல்லிக்கொடுக்க இஷ்டம் இல்லை. தன் சோற்றில் பங்குக்கு வந்தவள் என்று நினைத்தான். அவளுக்கும் அவனுக்கும் ஒரே வயசுதான் இருக்கும். கடையின் உள்கட்டில் நீளப் பலகை ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் ராஜகுரு சம்மணம் போட்டு உட்காருவான். அவன் வலப்பக்கம் தெரு, இடப்பக்கம் சுவர். மாரிக்கனி அவனுக்குப் பக்கத்தில் உட்காரப் போனபோது அண்ணாச்சி கனைத்தார்.

"எதுத்தாப்புல உக்காரு தாயி. பொம்பளையும் ஆம்பளையும் தோளோட தோளு உக்காந்தா யாவாரத்துக்கு வாரவுக என்ன நினைப்பாக?"

அவர் சொன்னது அந்தக் காலத்துக்கு நியாயந்தான். அவள் பலகைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்தாள்.

"எதுக்கு, என்னன்னு கேக்கப்படாது," என்றான் ராஜகுரு. "நான் செய்யிறதப் பாத்துச் செய்யி. திங்கிறதுக்கு மூக்கு தெருப்பக்கம். பூசுறதுக்குச் சுவத்துப் பக்கம். அம்புட்டுத்தான் பாடம்."

பருத்தி எடுக்கிற விரலுக்கு இழுக்கத் தெரியும், அமுக்கத் தெரியாது. அவள் கட்டைவிரல் நுனி வெடித்துச் சொரசொரவென்று இருந்தது. மடிப்பை நீவினால் காகிதம் பிசிறடித்தது. வேர்வை பட்டுக் காகிதம் தொய்ந்தது. முதல் மடிப்பு ஒரு மயிரிழை தளர்ந்தால் கடைசியில் மூக்கு இறங்காது. மருந்துக்குப் பதிலாக நைசாகச் சலித்த செங்கல்பொடி கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் அவள் எழுந்திருக்கும்போது மடியெல்லாம் சிவந்திருக்கும்.

"என்ன ஆத்தா, செங்கச் சூளைக்குப் போயிட்டு வாரியா?" என்பான் ராஜகுரு.

"ஒங்களுக்குக் கல்லறை கட்டத்தான் மண்ணு கொழைச்சிட்டு வாரேன்," என்பாள் அவள், தலை நிமிராமல்.

வாய் அப்படி. கை மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது. பாளையம்பட்டிக்கு நடந்து போகும்போதும் விரல் காற்றில் மடித்துக்கொண்டே போகும். வீட்டில் அடுப்புச் சாம்பலைப் போட்டு மடித்துப் பார்த்தாளாம். புருசன், "இதென்ன கிறுக்குப் பிடிச்சவ மாதிரி" என்று திட்டினானாம். ஒருநாள் என் உரலுக்கு அருகே வந்து நின்றாள்.

"அண்ணே, காதைச் செருகுறப்ப அவரு மூச்சைப் பிடிச்சிக்கிறாரு. நான் விட்டுர்றேன். அதான் காகிதம் ஆடுது."

அப்படிப் பார்க்கிறவள். ராஜகுரு எந்தக் கையை முதலில் நீட்டுகிறானோ, அதற்கு நேரே இருக்கிற தன் கையை அவளும் நீட்டினாள். அவன் மூக்கைத் தெருப்பக்கம் திருப்பினால் அவளும் தெருப்பக்கம் திருப்பினாள். பலகைக்கு இந்தப் பக்கமிருந்து ராஜகுரு பார்க்கிறபோது இரண்டு பொட்டலத்தின் மூக்கும் ஒரே திசையில் இருந்தன. அவன் குறை கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றான். இதைக் காணவில்லை.

கார்த்திகை பிறந்து அண்ணாச்சி சோதித்துப் பார்த்தார். தரையில் கறுப்புத் துணியை விரித்தார். அவள் மடித்த பொட்டலத்தைத் தலைக்குமேல் தூக்கித் துணியில் போட்டார். எடுத்து உதறினார். மறுபடி போட்டார். கடையில் இருந்த சனம் எட்டிப் பார்த்தது. மாரிக்கனி முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள். துணியில் ஒரு துளி சிவப்பு இல்லை. அண்ணாச்சி துணியைத்தான் பார்த்தார். மூக்கைப் பார்க்கவில்லை. கசிவு இருக்கிறதா என்பதுதானே சோதனை.

"நாளையிலேருந்து மருந்து மடி," என்றார்.

மறுநாள் ராஜகுரு மச்சினன் கல்யாணத்துக்குக் கமுதிக்குப் போய்விட்டான். முந்தின நாள் பொட்டலங்கள் அநேகமாகத் தீர்ந்திருந்தன. விடியக்காலையிலேயே மாரிக்கனி தன் இடத்தில் உட்கார்ந்து மடித்தாள். காய்ச்சலுக்கு நிலவேம்பு ஒரு கூடை. வீக்கத்துக்குப் பத்துப் போடுகிற எட்டிக்கொட்டைப் பொடி ஒரு கூடை. எட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேலே பூசினால் வீக்கம் வாங்கும். உள்ளே போனால் ஆளை வாங்கும். நிலவேம்பும் கசப்பு, எட்டியும் கசப்பு. நாக்கு பிரித்துச் சொல்லாது.

அண்ணாச்சி கூடைகளில் கைவிட்டு எடுத்து எடுத்துக் கொடுத்தார். எது எது எங்கே இருக்கிறதென்று அவர் கைக்குத் தெரியும். கண்ணால் பார்க்கிற வழக்கம் இல்லை.

மதியம் மழை பிடித்தது. மாரிக்கனி உட்காரும் இடத்தில் ஓடு ஒழுகியது. காகிதம் நனையாமல் இருக்க அவள் பலகையைச் சுற்றி வந்து, ராஜகுருவின் இடத்தைத் துடைத்துவிட்டு அங்கே உட்கார்ந்தாள். நிலவேம்பை அள்ளிப் போட்டு மடித்தாள். முடித்துப் பார்த்தால் மூக்கு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

கை தப்பிவிட்டது என்று நினைத்துப் பிரித்து மடித்தாள். மறுபடியும் சுவர். மூன்றாவது தடவை நிதானமாக, ஒவ்வொரு மடிப்பாக மடித்தாள். மூக்கு சுவரைப் பார்த்தது.

"நல்லமுத்தண்ணே, உலக்கையக் கொஞ்சம் நிறுத்துங்க."

நிறுத்தினேன்.

"திங்கிற மருந்துக்கு மூக்கு தெருப்பக்கந்தான?"

"தெருவாவது, சுவராவது. சோத்தாங்கைப் பக்கம் இருந்தா திங்கிறது. பீச்சாங்கைப் பக்கம் இருந்தா பூசுறது. ஊருக்கே தெரியுமே."

அவள் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். அப்புறம் எழுந்துபோய்க் காய்ச்சல் கூடையின் அடியில் துழாவி, ராஜகுரு மடித்ததில் மிஞ்சிக் கிடந்த ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். காலையில் தான் மடித்ததைப் பக்கத்தில் வைத்தாள். மூக்கு ஒன்றுக்கொன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தது. காதும் அப்படித்தான். அவனுடையதில் வலக்காது மேலே. அவளுடையதில் இடக்காது மேலே. கண்ணாடியில் பார்த்தது மாதிரி எல்லாமே மாறி இருந்தது.

எட்டிக் கூடையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். காலையில் அவள் எண்ணி வைத்ததில் ஒன்று குறைந்தது.

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். யாரும் இல்லாதபோது சொல்லலாம் என்று அவள் காத்திருக்கவில்லை. நேரே போய் அண்ணாச்சி முன்னால் நின்றாள்.

"காலையில எட்டிப் பொடி யாருக்குக் குடுத்தீக அண்ணாச்சி?"

"ஏன்?"

"மூக்கை மாத்தி மடிச்சிட்டேன். எல்லாத்தையும்."

அண்ணாச்சி கையில் தராசு நின்றுபோனது. இரண்டு பொட்டலத்தையும் வாங்கிப் பார்த்தார். தராசைக் கீழே வைத்தார்.

"கோட்டைச்சாமிக்கு," என்றார் என்னைப் பார்த்து. "திருச்சுழிக்குத் தெக்க, கம்மாய்க்கு அங்கிட்டு ஊரு. பொண்டாட்டிக்குக் காச்சல். அவருக்கு முழங்கால் வீக்கம். ரெண்டு பொட்டலம் வாங்கிட்டுப் போனாரு."

"எப்பக் குடிக்கச் சொன்னீக?" என்றாள் மாரிக்கனி.

"வெளக்கு வைக்கிற நேரத்துக்கு. வெறும் வயித்துல, வெந்நீருல."

வெந்நீரில் கலந்து குடிக்கப் போவது எட்டி. வாங்கிப்போன பஸ்ஸு பன்னிரண்டு மணிக்கே போய்விட்டது. அடுத்த பஸ்ஸு பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான். அண்ணாச்சி போஸ்டாபீசுக்கு ஆள் விட்டார். மழைக்குக் கம்பி அறுந்து கிடக்கிறது, போன் போகாது என்று ஆள் திரும்பி வந்தது. டாக்சி ஸ்டாண்டில் ஒரு கார் இல்லை, முகூர்த்த நாள். மிச்சம் இருந்தது அண்ணாச்சியின் சைக்கிள்.

நான் சைக்கிளை எடுத்தேன். மாரிக்கனியும் தெருவில் இறங்கினாள்.

"நீ எங்க?" என்றார் அண்ணாச்சி.

"வழியில திருச்சுழி ரிஜிஸ்தர் ஆபீசுல ஒரு சோலி இருக்குன்னு அவரு சொன்னது என் காதுல விழுந்துச்சு. அங்க இருந்தா ஒரு ஆளு போதும். இல்லேன்னா அங்க தேட ஒரு ஆளு, ஊருக்கு ஓட ஒரு ஆளு வேணும்."

பலகைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் என்று உட்காரவைத்த மனுசன் பஜாரை ஒருதரம் பார்த்தார். எல்லாக் கடையிலும் ஆள் இருந்தது.

"பின்னால ஏறு," என்றார்.

மழை விட்டிருந்தது. எதிர்க்காற்று. நான் எழுந்து நின்று மிதித்தேன். என் முதுகுக்குப் பின்னால் மாரிக்கனி கேரியர் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் சைக்கிள் நடுங்கியது. ரோட்டோரம் மிளகாய்க்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏலே, பட்டப்பகல்ல பொண்ணத் தூக்கிட்டுப் போறாம்லே."

"ஆமா," என்று கத்தினாள் மாரிக்கனி. "வந்து மொய் எழுதுங்க."

கொஞ்ச தூரம் போன பிறகு முதுகுக்குப் பின்னால் மெதுவாகக் கேட்டாள்: "எட்டி உள்ள போனா எம்புட்டு நேரம் தாங்கும் அண்ணே?"

நான் இன்னும் வேகமாக மிதித்தேன். பேச மூச்சு மிஞ்சவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சுழிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் நரைத்த மீசையோடு ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு முழங்கால் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. மாரிக்கனி சைக்கிள் நிற்பதற்குள் குதித்தாள்.

"கோட்டைச்சாமி அய்யா நீகதான?"

"ஆமா. நீக யாரு?"

"மருந்துப் பொட்டலம் எங்க? காலையில வாங்குனீகளே."

"அதா? சாட்சிக்குக் கைநாட்டு வைக்க என்னை உக்கார வச்சிட்டாக. நேரமாகுமேன்னு எங்க ஊருப் பிள்ளை பேச்சி போச்சு, அதுகிட்டக் குடுத்து விட்டுட்டேன். இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கும்."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு உடனே பிடிபடவில்லை. சிரித்தார்.

"ஒச்சம்மாளா ஏமாறுவா? மூக்கைத் தடவிப் பாக்காம எம் பொண்டாட்டி ஒரு பொட்டலத்த அவுக்க மாட்டா."

"அதுதான் பயமா இருக்கு அய்யா," என்றாள் மாரிக்கனி. "மூக்கு திங்கச் சொல்லுது. உள்ள இருக்கிறது எட்டி."

கிழவர் எழுந்திருக்கப் பார்த்தார். கால் மடங்கவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் மட்டும் ஓடியது.

"கம்மாய்க் கரை ஏறி எறங்குங்க. ரெட்டப் பனை வரும். அதுக்கு நேரா மூணாவது வீடு. வாசல்ல சோளத்தட்டைப் படப்பு. போங்க, நிக்காதீக."

தார் ரோடு முடிந்ததும் கரிசல். மழை குடித்த கரிசலில் சைக்கிள் விட்டவனுக்குத்தான் அது தெரியும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் மண் மட்கார்டில் அப்பிக்கொண்டு, பிடித்து வைத்தது மாதிரி நின்றுவிடும். குச்சியை விட்டு நோண்டினேன். பத்தடி போனதும் மறுபடி நின்றது. திரும்பிப் பார்த்தால் மாரிக்கனி இல்லை. சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு கண்மாய்க் கரையில் ஏறிக்கொண்டிருந்தாள். சைக்கிளைச் சீமைக் கருவேலில் சாத்திவிட்டு நானும் ஓடினேன்.

காலில் ஒட்டுகிற மண் ஒரு அடிக்கு ஒரு அடி கனத்தது. கரையில் ஏறியபோது ஊர் தெரிந்தது. சூரியன் பனைமட்டைக்குள் இறங்கிவிட்டான். அங்கொன்று இங்கொன்றாக வீடுகளில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாரிக்கனி எனக்கு வெகுதூரம் முன்னால் போனாள். ஒருதரம் விழுந்தாள். எழுந்து நொண்டிக்கொண்டே ஓடினாள். மூன்றாவது வீட்டுக்குள்ளும் அப்போதுதான் விளக்குத் தெரிந்தது.

நான் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்திருந்தது, மூச்சுத்தான் வந்தது, பேச்சு வரவில்லை. உள்ளே அடுப்பங்கரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஒச்சம்மாள். முன்னால் வெந்நீர்ச் சட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் பித்தளைத் தம்ளர். அந்தப் பொட்டலத்தை ஆவியில் காட்டிப் பிடித்துக்கொண்டு, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தார். பேச்சி என்கிற பெண் சுவரோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தது.

"எந்தக் கட்டையில போறவன் மடிச்சானோ தெரியல. மூக்கு வருது, காது வரமாட்டேங்குது. இழுக்க இழுக்க இறுகுது. மருந்துப் பொட்டலத்தக் கிழிச்சா நோவு திரும்பி வரும்னு பாக்கேன், இல்லாட்டி அருவாளால ஒரே கீறு. இந்தா, ஆவி பட்டு எளகுது பாரு..."

காது நுனி நிமிர்ந்தது. அவர் விரல் அதைப் பிடித்தது.

மாரிக்கனி உள்ளே போய் அந்தக் கையைப் பொட்டலத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் காலிலிருந்து சேற்றோடு ரத்தமும் தரையில் படிந்தது.

"ஏத்தா, யாருடி நீ? பேயி பிடிச்சவ மாதிரி வாரே?"

"குடிக்காதீக," என்றாள் மாரிக்கனி. அவ்வளவுதான் வந்தது.

மிச்சத்தை நான் சொன்னேன். ஒச்சம்மாள் பொட்டலத்தை விடவில்லை. மூக்கைத் தடவிப் பார்த்தார். "சோத்தாங்கைப் பக்கந்தான இருக்கு," என்றார். நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மாரிக்கனி பொட்டலத்தை வாங்கினாள். மூக்கைத் தூக்கினாள். இடக்காதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். அவ்வளவு நேரம் மல்லுக்கட்டிய பொட்டலம் அவள் மடியில் விரிந்தது. நான் விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். நான் இடித்த சரக்கு எனக்குத் தெரியாதா? சாம்பல் கலந்த மஞ்சள்.

"எட்டிதான்," என்றேன்.

ஒச்சம்மாள் தம்ளரை எடுத்துத் தூரமாக வைத்தார். அப்புறம் மாரிக்கனியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீதான் மடிச்சியா?"

"நாந்தான்."

"இப்பிடித் தலகீழா மடிக்க எவன் சொல்லிக் குடுத்தான்?"

"ஒழுங்காத்தான் சொல்லிக் குடுத்தாரு. நான் எதுத்தாப்புல உக்காந்து படிச்சேன்."

ஒச்சம்மாளுக்கு அது புரிந்துவிட்டது. எனக்குப் புரிய வெகுநேரம் ஆன சங்கதி.

"கோலத்த எதுத்தாப்புல நின்னு பாத்துப் போட்டா இப்பிடித்தான் வரும். போடுறவ பக்கத்துல நின்னு பாக்கணும்டி. ஒங்க கடையில ஒரு கோலம் போடத் தெரிஞ்ச பொம்பள கெடையாதா?"

அந்தப் பொடியைக் கொல்லையில் குழிதோண்டிப் புதைத்தேன். இன்னொரு பொட்டலத்தைப் பிரித்து, நிலவேம்புதான் என்று நான் மோந்து பார்த்துச் சொன்ன பிறகும், ஒச்சம்மாள் மாரிக்கனியை ஒரு வாய் குடிக்கச் சொன்னார். அவள் குடித்தாள். அப்புறம்தான் அவர் குடித்தார். கோட்டைச்சாமி ஒரு கட்டை வண்டியில் வந்து இறங்கி, பொண்டாட்டி உட்கார்ந்து வைதுகொண்டிருப்பதைப் பார்த்தபிறகு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடையில் அதன் பிறகு நடந்தது வேறு. காய்ச்சல் பொட்டலம் வாங்கிப்போன சிலர் நிலவேம்பை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு வந்து நின்றார்கள். ஒருத்தர், "அரிக்குது, ஆனா காச்சல் விட்டுருச்சி," என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ராஜகுரு கமுதியிலிருந்து வந்ததும், "நான் சரியாத்தான் சொன்னேன்," என்றான். அண்ணாச்சி அவனை எதிர்ப்பக்கம் உட்காரச் சொல்லி, தான் அவன் இடத்தில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் மடித்துக் காட்டினார். அவன் பார்த்தான். தானே எழுந்து பலகையின் ஒரு முனையைத் தூக்கினான்.

பலகையைத் திருப்பிப் போட்டார்கள். ராஜகுருவும் மாரிக்கனியும் இனிமேல் ஒரே பக்கம், ஒரே திசையைப் பார்த்து. நடுவில் ஒரு சுக்கு மூட்டை. எட்டிப் பொடியில் காவி கலந்து சிவப்பாக்கச் சொன்னார் அண்ணாச்சி. மூக்கை மட்டும் நம்புகிற வழக்கம் அன்றோடு போயிற்று.

மாரிக்கனிக்கு மட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை.

"அந்த அம்மா வந்து சரின்னு சொல்லட்டும். அதுவரைக்கும் செங்கப்பொடிதான்," என்றார். "அவுக வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்."

புதிதாகக் கற்பதைவிடக் கற்றதை மாற்றுவது கஷ்டம். அவள் கை இராப்பகலாகப் பழகியது எல்லாம் தப்பான பக்கம். யோசித்து மடித்தால் சரியாக வந்தது. யாராவது ஒரு வார்த்தை பேசினால் இடக்காது மேலே ஏறிக்கொண்டது. அப்போதெல்லாம் அவள் தன் கையைத் தானே அறைந்துகொள்வாள். ராஜகுரு மூட்டைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "காது," என்பான். ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். அவன் குத்திக்காட்டுவது நின்றுபோயிருந்தது.

தை பிறந்தது. பருத்தி போட வந்த வண்டியில் ஒச்சம்மாள் வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். நேரே உள்கட்டுக்கு வந்து பலகைக்கு எதிரே நின்றார்.

"மடி பாப்போம்."

அண்ணாச்சி எழுந்து வந்தார். நான் உலக்கையைச் சாத்தினேன். மாரிக்கனி காகிதத்தை எடுத்தாள். செங்கல்பொடியை அள்ளினாள். கீழ் மூலை ஏறியது. இறுக்கினாள். அடுத்து காது. கை நின்றது. வலக்கை தானாக முன்னால் போயிற்று. அவள் அதைத் திரும்ப இழுத்தாள். எதிரே ஒச்சம்மாள் நின்றுகொண்டிருந்தார். எதிரே இருக்கிறவரைப் பார்த்தால் மறுபடி குழம்பும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சைப் பிடித்தாள். இடக்காதை மடக்கினாள். அதன்மேல் வலக்காதைப் போட்டுச் செருகினாள். மூக்கை இறக்கிச் சோற்றுக்கைப் பக்கம் திருப்பினாள். கண்ணைத் திறக்காமலே நீட்டினாள்.

ஒச்சம்மாள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கைத் தடவினார். தூக்கினார். வலக்காதைப் பிடித்து இழுத்தார். பொட்டலம் விரிந்தது.

"ம்," என்றார்.

செங்கல்பொடியைத் தரையில் உதறிவிட்டு, அதே காகிதத்தைப் பலகையில் வைத்தார்.

"இதுல எங்க வீட்டு ஆளு முழங்காலுக்கு எட்டி போட்டு மடி. வண்டிக்கு நேரமாச்சு."